இரண்டு முறை நிறுத்த மூட்டை

அத்தியாயம் 7

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று சின்னக்கருப்பு சொன்ன அந்த நிமிடமே போடி கடைவீதி அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. மடியில் கனம் இல்லையென்றால் என்ன தயக்கம்? வீரபாண்டி கௌமாரியம்மன் சன்னதியில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் செய்யலை ஆத்தா' என்று ஒரு வார்த்தை. முடிந்தது கதை. மனிதர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், இருபத்திரண்டு வருடம் தராசு பிடித்தவர் அவர். இப்போது அதே கிட்டங்கியின் வாசல் பெஞ்சில், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஞானசெல்வி. தேனி தொலைபேசி நிலையத்தில் இருபது வருடம் ஆபரேட்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, அல்லிநகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். இன்னொன்றில் அவருடைய உதவியாளன் முத்துராஜா. துப்பறிய அவனுக்குச் சம்பளம் உண்டு. கிண்டலை இலவசமாகவே செய்தான்.

"ஏண்ணே, சூடம் சுட்டுரும்னு பயமா? கையில கொஞ்சம் தயிரைத் தடவிக்கிட்டா ஒண்ணும் தெரியாதுண்ணே."

சின்னக்கருப்பு சிரிக்கவில்லை. "பொத்தானை அமுக்குனது நான்தானப்பா. நான் அமுக்குன பெறகுதான் லாரி கெளம்புச்சு. நெசத்தை இல்லைன்னு ஆத்தா முன்னாடி எப்படிச் சொல்லுவேன்?"

"எந்தப் பொத்தான்?" என்றார் ஞானசெல்வி.

"செவப்புப் பொத்தான். நிப்பாட்டுற பொத்தான்."

விவகாரம் இதுதான். திங்கட்கிழமை காலை 417ஆம் நம்பர் லாட், பதினாலு மூட்டை ஏலக்காய், கிட்டங்கிக்கு வந்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து பதினோரு மணி வாக்கில் தகவல் வந்தது: பூச்சிமருந்து அளவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, சரக்கு வெளியே போகக்கூடாது. சின்னக்கருப்பு கம்ப்யூட்டரில் சரக்கை நிறுத்தச் சொல்லிப் பொத்தானை அமுக்கியதாகச் சொல்கிறார். நாலு நிமிடத்தில் அதே பதினாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு லாரி புறப்பட்டுவிட்டது. போன இடம், குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கிற ஒரு கம்பெனி. நல்லவேளை, அவர்களும் ஒரு தடவை பரிசோதித்தார்கள். மாவில் கலக்கும் முன்பே சரக்கு பிடிபட்டது.

அந்த லாட் வந்தது சின்னக்கருப்பின் மச்சினன் தோட்டத்திலிருந்து. முதலாளி பொன்னுராஜுக்கு இது போதாதா? மச்சினன் சரக்கு வீணாகக்கூடாது என்று வேண்டுமென்றே அனுப்பிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டார். ஆறு மணிக்குள் ஞானசெல்வி வேறு பதில் கொண்டுவராவிட்டால் போலீஸ். இப்போது மணி மூன்றரை.

பொன்னுராஜ் கொடுத்த ஆதாரம் ஞானசெல்வியின் கையில் இருந்தது. லாரி செக்‌ஷனில் அச்சாகி வந்த சீட்டு. *லாட் 417. நிறுத்தாச்சு. ஏற்றலாம். நேரம் 11.14. பதிவு: சின்னக்கருப்பு.*

"முத்து, ஒரு மூட்டையை எத்தனை தடவை நிறுப்பாக?"

"ஒருக்காதான்க்கா. ரெண்டாந்தடவை தராசுல ஏத்துனா, நான் என்ன குண்டாயிட்டேனான்னு மூட்டை கோவிச்சுக்கிரும்."

"அண்ணே, நீங்க இதை எத்தனை மணிக்கு நிறுத்தீக?"

"காலையில ஒம்பது அஞ்சுக்கும்மா. மூட்டையில கட்டுன அட்டையிலயே அடிச்சிருக்குமே."

ஞானசெல்வி கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். 9.05 என்று இருந்தது. அட்டையையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒம்பது அஞ்சுக்கு நிறுத்த மூட்டையைப் பதினொண்ணு பதினாலுக்கு மறுபடி நிறுத்தது யாரு? நிறுத்து எறக்கி வெச்ச எடத்தை விட்டு, லாரியில ஏத்துற வரைக்கும் மூட்டை அசையவே இல்லைன்னு சுமைக்காரங்க அத்தனை பேரும் சொல்லுறாக. இந்த 'நிறுத்தாச்சு' தராசுல இருந்து வரலை, முத்து. வேற எங்கனயோ இருந்து வந்திருக்கு. எந்திரி."

கம்ப்யூட்டர் அறை மாடியில் இருந்தது. பொறுப்பாளர் ஹேமாவதி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பெண். தன் மேல் பழி வந்துவிடுமோ என்று மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காமல் இருந்தாள். ஞானசெல்வி அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. கீழ ஒரு பொத்தானை அமுக்குனா லாரி செக்‌ஷனுக்கு அது எப்படிப் போகுது? அதை மட்டும் சொல்லு."

"கீழ எல்லா விவரமும் ஒரே டேட்டாபேஸ்ல இருக்கு மேடம். அதுல ஒரு எழுத்து மாறுனாலும், மாறுன அந்த நிமிசமே ஒரு சேதி கெளம்பும். என்னவா இருந்துச்சு, என்னவா மாறுச்சு, யாரு மாத்துனாக, எத்தனை மணிக்கு, எல்லாம் அந்தச் சேதியில இருக்கும். அது வந்து கியூவுல நிக்கும். லாரி செக்‌ஷன், பில் செக்‌ஷன், வாங்குறவுக கம்பெனின்னு ஆளுக்கு ஒரு கியூ. அவுகவுக புரோகிராம் சேதியை ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சு, அதுக்குத் தக்க வேலையைச் செய்யும்."

"வரிசையில நிக்கிற சேதி முண்டியடிச்சு முன்னாடி வந்துருமா?" என்றான் முத்துராஜா. "நம்ம டவுன் பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரி?"

"வராது சார். நம்ம ஆளுகளை விட அதுக்கு ஒழுக்கம் ஜாஸ்தி," என்று லேசாகச் சிரித்தாள் ஹேமாவதி.

முத்துராஜாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவளைச் சிரிக்க வைத்த திருப்தியில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். அன்று அவன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது அதுவே கடைசி.

ஹேமாவதி திங்கட்கிழமைப் பதிவைத் திறந்தாள். 417க்கு நேரே இரண்டு வரிகள். 9.05, *எடை*. 11.14, *நிறுத்து*. இரண்டையும் பதிந்தவர் சின்னக்கருப்பு.

"அப்ப அவரு சொன்னது நெசம்," என்றார் ஞானசெல்வி. "நிறுத்துன்னுதான் போட்டிருக்காரு. சேதியும் அப்படியேதான் கெளம்பியிருக்கு. நடுவுல கெட்டுப்போச்சா?"

"கெடலை மேடம். கியூவுலயும் 'நிறுத்து'ன்னேதான் இருக்கு."

ஞானசெல்வி கண்ணை மூடிக்கொண்டார். தலையில் ஹெட்போனும் கையில் பிளக்குமாக இருந்த காலத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். "பேசுனவரு சரியாப் பேசியிருக்காரு. லைனும் சுத்தமா இருக்கு. ஆனா காரியம் தலைகீழா நடந்திருக்கு. அப்ப அந்தப் பக்கம் கேட்டவரு தப்பாக் கேட்டிருக்காரு. அந்த லாரி புரோகிராம் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் வெச்சிருக்குன்னு பாரும்மா."

லாரி புரோகிராமில் ஒரு சின்ன அகராதி இருந்தது. எந்த வார்த்தை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல். ஹேமாவதி விரலை வைத்துக்கொண்டு படித்தாள். "எடை வந்தா, எடையைக் குறிச்சுக்கோ. நிறுத்து வந்தா..." அவள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். "நிறுத்து வந்தா, 'நிறுத்தாச்சு, ஏற்றலாம்'னு சீட்டு அடி."

ஞானசெல்வி மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "கீழ இருக்கிற பொத்தானுக்குப் பேரு வெச்சவன் எந்த ஊருக்காரன்?"

"சென்னைக் கம்பெனி மேடம். லாரி புரோகிராமு மட்டும் தேனியில எழுதுனது."

"அவனுக்கு நிறுத்துன்னா நில்லுன்னு அர்த்தம். நம்ம ஊருல நிக்க வைக்கணும்னா என்ன சொல்லுவோம்? நிப்பாட்டுன்னு சொல்லுவோம். அதுலயும் ஏலக்காய்க் கிட்டங்கியில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்து, நிறுத்துன்னா தராசு வேலை ஒண்ணுதான். சென்னைக்காரன் எழுதுன வார்த்தையைத் தேனிக்காரன் படிச்சிருக்கான். படிச்சவன் மூட்டையை நிறுத்து முடிச்சாச்சு, ஏத்திரலாம்னு நெனைச்சுட்டான். சின்னக்கருப்பு நில்லுன்னு கத்தியிருக்காரு, லாரி அதைக் கேட்டுட்டுத்தான் கெளம்பியிருக்கு!"

"சிஸ்டம் வந்து மூணு வருசமா இது யாருக்குமே தெரியலையே!" என்றாள் ஹேமாவதி.

"நிப்பாட்டணும்னா இதுவரைக்கும் என்ன செய்வாக?"

"போனைப் போட்டு லாரி செட்டுல கத்திருவாக மேடம். இந்த மாசந்தான் மொதலாளி, போன்ல கத்துற வேலை வேண்டாம், எல்லாம் சிஸ்டம் வழியாவே நடக்கணும்னு உத்தரவு போட்டாக." ஹேமாவதி திரையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். திடீரென்று களுக்கென்று சிரித்துவிட்டாள். "யாரோ ஒரு கோமாளி எழுதியிருக்கான் மேடம். புரியாத வார்த்தை வந்தா என்ன பதில் அனுப்பணும்னு இங்கன பாருங்க. 'வெளங்கலை மாமா, இன்னொருக்கா சொல்லு'!"

ஞானசெல்வியும் சிரித்தார். முத்துராஜா சிரிக்கவில்லை.

அந்த வரி அவனுடையது.

ஞானசெல்வியிடம் சேரும் முன் அவன் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாஃப்ட்வேர் கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடை இப்போது இல்லை. ஒரு சித்திரை மாதம், யாரோ ஒரு ஏலக்காய் வியாபாரிக்கென்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். வியாபாரி பெயர்கூட அதில் இல்லை. வார்த்தைகள் மட்டும் வரிசையாக: வரவு, எடை, நிறுத்து, ஏற்று. எடை போட்டு, நிறுத்து முடித்து, ஏற்ற வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டான். ஆனால் எடை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது நிறுத்து எதற்கு என்று ஒரு சந்தேகம் அப்போதே வந்தது. நன்றாக நினைவிருக்கிறது, வந்தது. தாளின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது, சந்தேகம் இருந்தால் கேட்கவும் என்று. கீழே கூட்டாளிகள் வீரபாண்டித் திருவிழாவுக்குக் கிளம்பி, பைக்கில் இருந்தபடி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன அர்த்தம் இருந்துவிடப் போகிறது என்று எழுதி முடித்துவிட்டு ஓடினான். அன்று ராட்டினத்தில் மூன்று சுற்றுச் சுற்றினான்.

வாசலில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் தயிர் தடவிக்கொள்ளச் சொல்லிக் கிண்டல் செய்தது இப்போது காதுக்குள் திரும்பக் கேட்டது. அவனுக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது.

புரோகிராமில் எழுதியவன் பெயர் இல்லை. கடையும் மூடியாகிவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் இந்த ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது. அதையும் அவன் நினைத்தான். நினைத்ததற்காக இன்னும் கூசிப்போனான்.

"பழைய பதிவு எல்லாம் இருக்காம்மா?" என்று ஞானசெல்வி எழுந்தார். "மூணு வருசத்துல இந்த 'நிறுத்து' எத்தனை தடவை போயிருக்குன்னு தேடி எடுத்துக் கீழ கொண்டா. நாங்க மொதலாளியைப் பாக்குறோம்."

மாடிப்படியில் பாதி இறங்கியதும் ஞானசெல்வி நின்றார்.

"ஏலே முத்து. பத்து நிமிசமா ஒரு நக்கலும் இல்லை. கோமாளின்னு ஒருத்தனை அந்தப் பொண்ணு சொல்லுது, நீ அதுக்கு மேல ஒண்ணு சொல்லாம விடுற ஆளா?"

"தலைவலிக்கா."

"இருபது வருசம் லைன்ல காதை வெச்சிருந்தவ நான். பேசுறவனை விட, பேசாம மூச்சை மட்டும் விடுறவன் சத்தந்தான் எனக்கு நல்லாக் கேக்கும்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "நான்தான்க்கா எழுதுனேன். சந்தேகம் வந்துச்சு. கேக்கலை."

ஞானசெல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "என்கிட்ட சொல்லிட்டே. ஆனா பழி விழுந்தது என் மேல இல்லையே," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொன்னுராஜ் தன் அறையில் பைபிள் வசனக் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். சின்னக்கருப்பையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். ஞானசெல்வி அட்டை, சீட்டு, பதிவு மூன்றையும் மேசையில் வைத்து, ஒரு வார்த்தை இரண்டு ஊரில் இரண்டு அர்த்தமான கதையைச் சொன்னார். பொன்னுராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சரிம்மா. போலீசு வேண்டாம். விட்டுருவோம். ஆனா இவரு இனிமே தராசுப் பக்கம் வர வேண்டாம்."

"ஏன் மொதலாளி?"

"எழுதுனவன் எவன்னே தெரியலைங்கிறீக. இந்த அர்த்தம் இவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா? அமுக்குனா லாரி போயிரும்னு தெரிஞ்சே அமுக்கியிருந்தா? சத்தியம் பண்ணச் சொன்னேன். எங்க சபையில சத்தியமெல்லாம் கூடாது, சரி, அவுக ஆத்தா முன்னாடியாச்சும் பண்ணட்டும்னேன். அதுக்கும் மாட்டேங்கிறாரு. நான் எப்படி நம்ப?"

சின்னக்கருப்பு தலையைக் குனிந்தார். தராசுக்காரனுக்குச் சொத்து என்று இருப்பது அவன் வார்த்தைதான். இங்கே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டால், இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எந்தக் கிட்டங்கியும் அவரைத் தராசு தொட விடாது.

"எழுதுனது நான்தான்," என்றான் முத்துராஜா.

பொன்னுராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி. அப்ப நான் இந்த வேலையில இல்லை. யாரு கடைக்குன்னும் தெரியாது. நிறுத்துன்னா நிறுத்தாச்சுன்னு நானா அர்த்தம் பண்ணிக்கிட்டேன். அண்ணனுக்கு இது தெரிஞ்சிருக்க வழியே இல்லை. எனக்கும் இந்தக் கோமாளி வரியைப் பாத்த பெறகுதான் தெரிஞ்சுச்சு. தாள்ல ஒரு நம்பர் இருந்துச்சு. திருவிழாவுக்குப் போற அவசரத்துல போன் போடலை. அண்ணே, என்னை மன்னிச்சிருங்க. மன்னிக்க முடியலைன்னா அதுவும் சரிதாண்ணே."

பொன்னுராஜ் எழுந்து போய், ஓரமாகக் கிடந்த நாற்காலியைச் சின்னக்கருப்புக்காக இழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் சின்னக்கருப்பு உட்கார்ந்ததில்லை. இப்போதும் உட்காரவில்லை. முத்துராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாள்ல இருந்தது தராசு மேசை நம்பருப்பா," என்றார் மெதுவாக. "ஒரு போன் போட்டிருந்தா நானேதான் எடுத்திருப்பேன்."

முத்துராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. ஹேமாவதி ஒரு தாளோடு நின்றாள். "மேடம், தேடிட்டேன். இது மொதத் தடவை இல்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. லாட் 88. மூணு மூட்டை. நிறுத்துன்னு போட்டிருக்கு. ரெண்டு நிமிசத்துல லாரி போயிருக்கு. பதிஞ்சவர் பேரு ராஜபாண்டி."

சின்னக்கருப்பு இப்போது நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு ராஜபாண்டி?" என்றார் ஞானசெல்வி.

"எனக்கு அடுத்த தராசுல இருந்தவன்," என்றார் சின்னக்கருப்பு. "தோட்டத்துல மருந்து கேன் கவுந்து மூணு மூட்டை நனைஞ்சிருந்துச்சு. போன் ஓயாம பிசின்னே வந்ததால அந்தப் பொத்தானை அமுக்குனான். லாரி போயிருச்சு. நான் நிப்பாட்டத்தான் அமுக்குனேன், நிப்பாட்டத்தான் அமுக்குனேன்னு கத்துனான். அமுக்குனதும் லாரி போனதை நான் கண்ணால பாத்தேன்னு மொதலாளிகிட்ட சாட்சி சொன்னது நான்தாம்மா. பொய் சொல்லலை. ஆனா அவனை நம்பலை."

"நான்தான் வெரட்டுனேன்," என்றார் பொன்னுராஜ். "குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட்ல இருக்கான்னு சொன்னாக."

நம்பர் சின்னக்கருப்பின் போனில் இருந்தது. இரண்டு வருடமாக ஒரு தடவைகூட அவர் அதைத் தொட்டதில்லை. இப்போதும் போனை எடுத்து நீட்டினாரே தவிர, அழுத்தவில்லை. பொன்னுராஜ் கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். முத்துராஜா போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆரா?" என்றது ஒரு குரல் மலையாளத்தில். பிறகு, "யாரு?"

"அண்ணே, என் பேரு முத்துராஜா. உங்களுக்கு என்னைத் தெரியாது. போடி கிட்டங்கியில இருந்து பேசுறேன். அன்னைக்கு நீங்க நிப்பாட்டத்தான் அமுக்குனீக. லாரிக்கு அதைத் தப்பாச் சொல்லிக் குடுத்தது நான் எழுதுன புரோகிராமு. உங்க மேல ஒரு தப்பும் இல்லைண்ணே. மொதலாளியும் சின்னக்கருப்பு அண்ணனும் இங்கனதான் இருக்காக. கேட்டுக்கிட்டு இருக்காக."

வசவு வரும் என்று முத்துராஜா காத்திருந்தான். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"அது கெடக்கட்டும் தம்பி," என்றது குரல். "அந்த மூணு மூட்டையை வாங்குனவுகளுக்கு அன்னைக்கே சொல்லிருங்க, சொல்லிருங்கன்னு மொதலாளி கால்ல விழுந்தேன். மொதலாளி அவுககிட்ட சொன்னாகளா?"

முத்துராஜா பொன்னுராஜைப் பார்த்தான். ஞானசெல்வியும் பார்த்தார். பொன்னுராஜ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பெயர் கெட்டுவிடும் என்று அன்று வாயை மூடிக்கொண்டது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"மொதலாளி, லைன்ல இருக்கீகளா?" என்றார் ராஜபாண்டி.

அவர் போனை வைக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.